எழுதுகிறவர் பேசக்கூடாது

போன சனிக்கிழமை வார இறுதி வகுப்புக்குள் கடைசியாக நுழைந்த பதினாலாவது மாணவருக்கு வயது நாற்பத்தாறு. கையில் புது நோட்டு. சட்டைப் பையில் புதுப் பேனா. பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும் ஒரு வார்த்தையைப் பாதியில் விழுங்கினாள்.

அவர் அவளுடைய கணவரின் அண்ணன். வீட்டில் 'பெரியவர்' என்றால் அவர்தான். சின்ன மருமகளான அவள் 'சின்னவள்'.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே கம்பெனி. அவர் டீம் லீட். அவள் அவருக்குக் கீழே. ஒரு நாள் காலையில் வாடிக்கையாளர்களின் ஆர்டர் விவரம் மொத்தமும் சர்வரில் காணாமல் போயிருந்தது. யார் எப்போது என்ன செய்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் லாக் பதிவைப் பார்த்தால், முந்தின நாள் காலை ஒன்பது பத்துக்கு அழித்தது அவளுடைய லாகின். மேலதிகாரிகள் உட்கார்ந்திருந்த அறையில் பெரியவர் எழுந்து நின்று, "எங்க வீட்டுப் பொண்ணுன்னு பார்க்க முடியாது சார், கவனக்குறைவு கவனக்குறைவுதான்" என்றார். அன்றைக்கே அவள் வேலை போனது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமியார் வீட்டில் எல்லாரும் சாப்பிடக் கூடும்போது யாராவது அவளிடம் போனைக் கொடுத்தால் போதும், "பார்த்து, சின்னவகிட்ட குடுத்தா அழிச்சிடுவா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மாமியாரும் சிரிப்பார். மூன்று வருஷமாக அதே ஜோக். அதே சிரிப்பு.

இப்போது அவருடைய பிரிவையே கம்பெனி மூடிவிட்டது. ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறார். ஒரு புது வேலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. இந்தப் படிப்பை முடித்ததற்கான கடிதம் வேண்டும் என்கிறார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் சின்னவள்.

மாட்டினார்.

இந்தச் சனிக்கிழமை காலை, சின்னவள் பிரின்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். காகிதங்கள் சூடாக வந்து விழுந்தன. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது.

"இது அந்த லாக் தானே?"

"ஆமா."

"இதை இன்னுமா வச்சிருக்க?"

"வேலையை விட்டு வரும்போது எடுத்துட்டு வந்த ஒரே பொருள் இதுதான். சட்டை கருகுது பாருங்க."

அவன் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தான். "அண்ணன் உக்கார்ந்திருக்கிற க்ளாஸ்ல இதைக் குடுக்கப் போறியா?"

"பேர் எதுவும் இல்லை. எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஒரு இன்ஜினியர், ஒரு டீம் லீட், ஒரு கம்பெனி. அவ்வளவுதான்."

"விடேன்டி. மூணு வருஷம் ஆச்சு."

"உங்களுக்கு மூணு வருஷம். எனக்கு நூத்தம்பது ஞாயித்துக்கிழமை சாப்பாடு. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு ஜோக்."

"அவர் ஏற்கனவே நொந்து போயிருக்கார்."

"நல்லது. வளர்ந்தவங்க அடிபட்ட இடத்துல இருந்துதான் கத்துக்குவாங்க. நான் அப்படித்தான் பாடமே நடத்தறேன்."

அவன் சட்டையை உதறிப் பார்த்தான். சட்டையில் காலருக்குக் கீழே ஒரு சின்னப் பழுப்புக் கறை விழுந்திருந்தது. அதையே போட்டுக்கொண்டு அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அழித்தது தான் இல்லை என்று அடித்துச் சொல்ல அவளாலேயே முடியவில்லை. லாக் சொன்ன காலை ஒன்பது பத்துக்கு அவள் சீட்டில்தான் இருந்தாள், லாகினும் அவளுடையது, ஒருவேளை கை தவறியிருக்குமோ என்று எத்தனையோ தடவை தன்னையே கேட்டுவிட்டாள். ஆனால் ஒரு கை தவறினால் மொத்தமும் அழிகிற மாதிரி சர்வரைத் திறந்து வைத்திருந்தது யார்? அதை அந்த மனுஷன் காதில் பதிமூன்று பேர் சொல்ல வேண்டும். ஒரு தடவையாவது அவர் பதில் பேச முடியாமல் நிற்க வேண்டும்.

வகுப்பில் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. போன வாரமே பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன இது, எல்கேஜி மாதிரி வட்டமா உக்கார வச்சிருக்கீங்க? சிலபஸைப் போர்டுல எழுதிப்போடுங்க மேடம், நாங்க குறிச்சுக்கிறோம்" என்று சொல்லியிருந்தார். 'மேடம்' என்ற சொல்லைப் பல்லில் சிக்கிய நார் மாதிரி துப்பியிருந்தார்.

"எல்கேஜி பிள்ளைக்கு நான் சொல்றதைக் கேக்கறதைத் தவிர வேற வழி இல்லை சார்" என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். "உங்களுக்கெல்லாம் இருபது வருஷ வேலை அனுபவம் இருக்கு. அதை வெளியில கழட்டி வச்சுட்டு வான்னு சொன்னா நீங்க பாதியிலயே எழுந்து போயிடுவீங்க. அதனால எதைப் படிக்கிறோம், எதுக்குப் படிக்கிறோம்னு முதல்ல பேசுவோம். உங்க வேலையில நிஜமா நடந்த ஒரு சிக்கலை எடுத்துக்குவோம். அதை அவிழ்க்க என்ன தெரியணுமோ அதைக் கத்துக்குவோம்."

வகுப்பில் இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்துவிட்டு முதுகுவலியால் வெளியே வந்த நர்ஸ் ஒருத்தி. லிப்ட் மெக்கானிக் ஒருவர், பேச ஆரம்பித்தால் எந்தப் பேச்சும் எந்தக் கட்டடத்தின் எந்த மாடியிலோ போய்த்தான் நிற்கும். எல்லாரும் மென்பொருள் பக்கம் தாவ வந்தவர்கள். வீட்டில் அரும்பு மீசைப் பையனோ பள்ளிக்கூடம் போகிற பெண்ணோ கேலி செய்வதைத் தாங்கிக்கொண்டு வந்தவர்கள்.

அவர்கள் எல்லாரும் சேர்ந்து போட்டுக்கொண்ட விதிகள் மூன்று. இங்கே யாரையும் குற்றம் சொல்லக் கூடாது, வேலை எங்கே பிசகியது என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். எல்லாரும் பேச வேண்டும். ஒருவர் மட்டும் போர்டு பக்கத்தில் நின்று, மற்றவர்கள் சொல்வதை ஒன்று விடாமல் எழுத வேண்டும். எழுதுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது, ஏனென்றால் வாய் பேச ஆரம்பித்தால் கை தனக்குப் பிடித்ததை மட்டும்தான் எழுதும்.

சின்னவள் காகிதங்களை விநியோகித்தாள். மார்க்கரை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு நீங்க எழுதுங்க சார்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். முதல் வரியிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. கழுத்து மெதுவாகச் சிவந்தது.

"எனக்கு எழுத்து நல்லா இருக்காது மேடம்."

"பரவாயில்லை. படிக்க முடிஞ்சா போதும்."

அவர் எழுந்து போர்டுக்குப் போனார். சின்னவள் வட்டத்தில் அவருடைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து போர்டு நன்றாகத் தெரிந்தது.

கதையை அவள் சுருக்கமாகச் சொன்னாள். ஒரு கம்பெனி. ஒரு நாள் காலையில் ஆர்டர் விவரம் எல்லாம் காலி. தினமும் ராத்திரி சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் அதற்குள் விவரம் அழிந்திருந்ததால் அன்றைய நகலும் வெற்று நகல். பழைய நகல் மேலேயே அது போய் உட்கார்ந்துவிட்டது. லாகில் முந்தின நாள் காலை ஒன்பது பத்துக்கு ஒரு இன்ஜினியரின் பெயர். அந்த இன்ஜினியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடிந்தது.

"எங்க பிசகிச்சு?" என்றாள்.

லிப்ட் மெக்கானிக்தான் முதலில் ஆரம்பித்தார். "மேடம், ஒரு லிப்டுக்கு ரெண்டு பிரேக் இருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்கும். இங்க ஒரே ஒரு ஆள் ஒரு வரி அடிச்சா மொத்தமும் போகுதுன்னா, ரெண்டாவது பிரேக் எங்க?"

"எழுதுங்க சார்" என்றாள் சின்னவள்.

பெரியவர் எழுதினார். 'இரண்டாவது பிரேக் இல்லை.'

"அதை வைக்க வேண்டியது யாரு?" என்று இன்னொருவர் கேட்டார்.

"டீம் லீட் தான்."

"அப்போ அந்த லீட் என்ன பண்ணிட்டிருந்தாரு? மணி ஆட்டிட்டு உக்கார்ந்திருந்தாரா?"

சிரிப்பு.

"அதையும் எழுதணுமா மேடம்?" என்றார் பெரியவர்.

"எழுதறவர் பேசக்கூடாது சார்."

அவர் எழுதினார். 'லீட் என்ன செய்தார்?' மார்க்கர் கிறீச்சிட்டது.

சின்னவளுக்கு நெஞ்சுக்குள் என்னமோ இளகிச் சுகமாக ஓடியது. மூன்று வருஷமாக உறங்காமல் கிடந்த ஒன்று புரண்டு படுத்த மாதிரி. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒவ்வொன்றையும் அவரே தன் கையால் எழுதினார். 'சோதனை சர்வரும் நிஜ சர்வரும் ஒரே நிறத் திரை.' 'பழைய நகலை வேறு இடத்தில் வைக்கவில்லை.' 'விசாரிக்கும் முன்பே முடிவு.' எழுத்து கோணிக்கொண்டே போனது.

இவ்வளவுதான் அவள் போட்டிருந்த திட்டம். இதோடு டீ குடிக்கப் போகலாம் என்று எழுந்தாள்.

நர்ஸ் மட்டும் தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"மேடம், ஒரு சந்தேகம். தப்பா இருந்தா சிரிக்காதீங்க."

"சிரிக்க மாட்டோம்."

"இந்த நகல் எடுக்கிற வேலை ராத்திரி பன்னெண்டுக்குன்னு சொன்னீங்க இல்லையா?"

"ஆமா. ஒரு நாளும் தவறாது."

"ரெண்டாவது பக்கத்துல கடைசி வரி பாருங்க. நகல் ஆரம்பம்னு போட்டிருக்கு. நேரம் ஆறரை மணி. சாயங்காலம் ஆறரை."

தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. சின்னவளும் புரட்டினாள். அந்த வரியை அவள் இதற்குமுன் பார்த்ததே இல்லை. முதல் பக்கத்தில் பெயர் கிடைத்த பிறகு இரண்டாம் பக்கத்தை யார் பார்ப்பார்கள்? கம்பெனியும் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. தன் பெயர் இருந்த பக்கத்தையே மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

"எங்க வார்டுல மருந்து குடுத்த நேரம் இடிச்சுதுன்னா நாங்க நர்ஸைக் கேக்க மாட்டோம்" என்றாள் நர்ஸ். "முதல்ல சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்போம். இந்த மெஷின் கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடுது மேடம். பன்னெண்டை ஆறரைன்னு சொல்லுது."

சின்னவள் அந்த வரியில் விரலை வைத்துக் கணக்குப் போட்டாள். அந்த சர்வர் அப்போதுதான் புதிதாக வந்தது. மற்றதெல்லாம் உள்ளூர் நேரத்தில் ஓட, புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்தது மட்டும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்திலேயே ஓடியிருக்கிறது. அதைச் சரியான நேரத்துக்கு மாற்றி வைப்பது அவளுடைய வேலை இல்லை. அது டீம் லீடின் வேலை.

"அப்போ ஒம்பது பத்துன்னு இருக்கிறது..." என்று லிப்ட் மெக்கானிக் விரலை மடக்கி எண்ணினார். "மத்தியானம் ரெண்டு நாப்பது."

"எழுதுங்க சார்" என்றாள் சின்னவள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

பெரியவர் எழுதவில்லை. மார்க்கர் போர்டைத் தொட்ட இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு நாற்பது. அவளுக்கு அந்த நேரம் நன்றாக ஞாபகம் இருந்தது. அரை நாள் விடுப்பு. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். இரண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். "பயமா இருக்கு, கையை விடாத" என்று மாமியார் சொல்லி, டாக்டரிடம் கெஞ்சி, இவள் உள்ளே போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முக்கால் மணி நேரம்.

உள்ளே போவதற்கு முன்னால் வராந்தாவில் ஒருத்தர் கை நீட்டினார். "என் லாப்டாப்ல சார்ஜ் போயிடுச்சு. உன்னுதைக் குடு. ஒரே ஒரு மெயில்." அவள் லாகின் செய்து திறந்தபடியே கொடுத்துவிட்டுப் போனாள்.

"மேடம்" என்றார் லிப்ட் மெக்கானிக், "அந்த இன்ஜினியர் ரெண்டு நாப்பதுக்கு எங்க இருந்தாங்கன்னு யாராவது கேட்டாங்களா?"

"கேக்கலை. ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தாங்க. மாமியார் கையைப் பிடிச்சுக்கிட்டு."

"அப்போ லாப்டாப் யார் கையில இருந்துச்சு?"

சின்னவள் எழுந்து போர்டுக்குப் போனாள். அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

"அது எழுதறவருக்குத் தெரியும்" என்றாள். "எழுதுங்க மாமா."

'மாமா' என்ற சொல் அறையில் விழுந்ததும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பெரியவர் வாயைத் திறந்தார்.

"பேசக்கூடாது" என்றாள் அவள். "எழுதுங்க."

அவர் பதிமூன்று பேரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு திரும்பி, போர்டின் கீழ் மூலையில், கோணல் எழுத்தில் எழுதினார்.

'என் கையில்.'

அவள் அதை நிதானமாக இரண்டு தடவை படித்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்புகள் ஒவ்வொன்றாக அவள் காதுக்குள் அணைந்துகொண்டே வந்தன.

நர்ஸ்தான் மெல்லக் கேட்டாள். "மேடம், தப்பா நினைக்காதீங்க. இங்க யாரையும் குத்தம் சொல்ல மாட்டோம்னு நாம எல்லாரும் சேர்ந்துதானே முடிவு பண்ணோம்? நாளைக்கு என் தப்பை நான் எப்படிக் கொண்டு வருவேன்?"

சுருக்கென்றது. பதினெட்டு வருஷம் ஊசி போட்டவள் கை.

"நீங்க சொல்றது சரி" என்றாள் சின்னவள். "இன்னிக்கு விதியை மீறினது நான். உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன்." பிறகு அவரிடம் திரும்பினாள். "அதையும் எழுதுங்க மாமா."

அவர் அதையும் எழுதினார்.

எல்லாரும் போன பிறகும் அவர் போகவில்லை. போர்டை அழிக்கவும் கை வரவில்லை போல. மார்க்கரை மேஜைமேல் வைத்தார்.

"மெயில் அனுப்பிட்டு, அதுல திறந்திருந்தது சோதனை சர்வர்னு நினைச்சுதான் அழிக்கிற வரியை அடிச்சேன். மறுநாள் லாக் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. மெஷின் கடிகாரம் மாறி ஓடுதுன்னும் எனக்கு மட்டும்தான் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே மூணு வருஷம் ஜோக் அடிச்சீங்க."

"மத்தவங்க சிரிக்கிற வரைக்கும் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை."

"கடிதத்துல கையெழுத்துப் போடுவேன் மாமா. கவலைப்படாதீங்க. நல்லா எழுதினீங்க." அவள் பையை மாட்டிக்கொண்டாள். "ஆனா நாளைக்கு அத்தை முன்னாடி இதையே சொல்றீங்க. எழுத வேண்டாம். பேசலாம்."

அவர் தலையாட்டினார். அப்புறம், கதவருகே போனவளைக் கூப்பிட்டார்.

"நான் கெட்டவன்தான். ஒத்துக்கிறேன். ஆனா நான் அன்னிக்கே ஒருத்தன்கிட்ட சொன்னேன். தாங்க முடியலை, ராஜினாமா பண்ணிடறேன்னு சொன்னேன்."

"யார்கிட்ட?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே கேட் அருகே ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்தி, இரண்டு ஹெல்மெட்டோடு ஒருவன் காத்துக்கொண்டிருந்தான். காலருக்குக் கீழே பழுப்புக் கறை.

"'உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அவளுக்கு வேற வேலை கிடைச்சிடும், நான் பார்த்துக்கறேன், நீ வாயைத் திறக்காத'ன்னான். நானும் திறக்கலை."

சின்னவள் படியிறங்கினாள். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு படியும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"எப்படிப் போச்சு க்ளாஸ்?" என்று கேட்டான் கணவன், ஹெல்மெட்டை நீட்டியபடி.

"ரொம்ப நல்லா. எல்லாரும் பேசினாங்க." அவள் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். "சாவியைக் குடுங்க."

"ஏன்?"

"இன்னிக்கு நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காருங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மேலே, ஜன்னலில் நின்றுகொண்டிருந்த அண்ணனைப் பார்த்தான். சாவியைக் கொடுத்தான்.

முதல் திருப்பத்தில் இடது பக்கம் போனால் வீடு. அவள் வலது பக்கம் திருப்பினாள்.

"இது நம்ம வீட்டு வழி இல்லையே" என்றான் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"உங்கம்மா வீட்டு வழி" என்றாள். "போய்ச் சேர இருபது நிமிஷம் இருக்கு. எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு யோசிச்சுக்கிட்டே வாங்க."